அமெரிக்கன் என்று அழைக்கப்பட்டவரும் நான் கேட்காமல் விட்ட சொல்லும்

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

தாங்கள் யாராயினும், இந்தப் பக்கங்களை வாசிக்க அமர்ந்தமைக்கு முதற்கண் என் வணக்கம். நான் புதுச்சேரியில் பிறந்தவன். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் சென்றவனல்லன். பிரெஞ்சு மொழியைப் பழைய செய்தித்தாள்களையும் முதுகு கிழிந்த ஓர் அகராதியையும் துணைகொண்டு நானே கற்றேன். பாரிசில், லா சப்பலில், ஈழத்தவர் ஒருவருடைய தேநீர்க் கடையின் உட்புறத்து மேசையில் அமர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறருடைய கடிதங்களையும் விண்ணப்பங்களையும் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தேன். அதற்கு ஈடாக எனக்குக் கிடைத்தவை இரண்டு: சூடான ஒரு தேநீர், உள்ளே நுழைகிறவர்கள் என்னைக் கண்டதும் "ஐயா" என்று எழுந்து நிற்கும் மரியாதை. அந்த இரண்டாவதற்காகவே நாள் தவறாமல் அங்கே சென்றேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நான் எழுதப் போவது என்னைப் பற்றியன்று. அந்த மேசைக்கு முன்னால் அமர்ந்த ஒருவரைப் பற்றி. அவர் உயிரோடு இருக்கிறார். பெயர் வெளிவருவதை விரும்பமாட்டார் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். கடையில் அவரை "அமெரிக்கன்" என்றார்கள். அமெரிக்காவை அவர் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

2009ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவர் முதன்முறை வந்தார். நாற்பதைக் கடந்த வயது. மெலிந்த உயரமான உடம்பு. வன்னியிலிருந்து வந்தவர் என்பது தவிர வேறெதையும் யாரும் கேட்கவில்லை. அந்த ஆண்டில் வன்னியிலிருந்து வந்தவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. கடைக்காரர் மட்டும், எங்கிருந்து நடந்து வருகிறார் என்று பேச்சுக்காகக் கேட்டார்.

"கார் து நோர் ஸ்டேசனிலை இறங்கி நடந்தனான். பத்து நிமிசம்" என்று சொல்லி, தேநீரைக் குடித்துவிட்டுச் சென்றார். சிறிது நேரத்தில் கதவு மறுபடி திறந்தது.

"பத்து நிமிசம் எண்டு சொல்லிப்போட்டன். பிழை. வழியிலை ஒரு கடைக் கண்ணாடியைப் பாத்துக்கொண்டு நிண்டனான். அதைக் கழிச்சால் எட்டு."

கடைக்காரர் கையிலிருந்த கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணை, அதுக்காகவே திரும்பி வந்தனீங்கள்? அந்த ரெண்டு நிமிசத்தை வைச்சு நான் என்ன செய்யிறது?"

"நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். நான் பிழையாச் சொல்லிப்போட்டு எப்பிடிப் போறது?"

அந்த மனிதர் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டார் என்று சொன்னால் அது மிகையாகாது. சொன்னதைத் திருத்துவதற்காகப் படியேறி வருவார். பேருந்திலிருந்து இறங்கி வருவார். ஒருமுறை, மரக்கறிக் கடைப் பெண்மணியிடம் அவருடைய முருங்கைக்காய் முற்றல் என்று கூறிவிட்டு, வீட்டில் சமைத்துப் பார்த்தபின் மறுநாள் வந்து, "ஒண்டுதான் முத்தல். மற்ற மூண்டும் நல்லது. நேற்றைக்கு எல்லாத்தையும் சேத்துச் சொல்லிப்போட்டன்" என்றார். அந்தப் பெண்மணி சிரித்து முடிக்க வெகுநேரமாயிற்று.

ஊரில் அவர் நில அளவைத் திணைக்களத்தில் சங்கிலி பிடித்தவர். அளவையாளர் கருவியின் வழியாகப் பார்க்க, இவர் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முள்ளிலும் சேற்றிலும் நடப்பார். "சங்கிலி தொய்ஞ்சால் ஒருத்தன்ரை வளவு மற்றவனுக்குப் போயிடும் ஐயா" என்று என்னிடம் கூறியிருக்கிறார்.

அவருக்கும் அமெரிக்கப் பந்தாட்டத்துக்கும் தொடர்பு உண்டானது ஒரு பெட்டியினால். புறநகரான ஒபர்வில்லியேயில் மொத்தக் கடையொன்றில் சுமை இறக்கும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. அங்கே நடைபாதையில் யாரோ வீட்டைக் காலி செய்து வைத்த பெட்டியிலிருந்து, அட்டையில்லாத தடித்த ஆங்கிலப் புத்தகமொன்றை எடுத்து வந்தார். அமெரிக்காவில் தொழில்முறையாகப் பந்தாடுகிறவர்களின் வாகையர் ஆட்டம் எவ்வாறு தொடங்கி எவ்வாறு வளர்ந்தது என்ற வரலாறு அது. நாம் அறிந்த கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. பள்ளிக்கூடத்து ஆங்கிலம் தெரியும். வாசிக்க வேறு புத்தகமும் இல்லை. புரட்டிய இடத்தில் ஒரு படம் இருந்ததாம்: பந்து எவ்வளவு தூரம் முன்னேறியது என்று பார்க்க, இரண்டு பேர் ஒரு சங்கிலியை மைதானத்துக்குள் தூக்கி வருகிறார்கள்.

"சங்கிலி பிடிக்கிறவனுக்கு வேலை இருக்கிற விளையாட்டு, ஐயா, உலகத்திலை இது ஒண்டுதான்" என்றார். அப்படிச் சொன்னவர் உடனே நிறுத்தி, "எனக்குத் தெரிஞ்ச வரையிலை" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் பின்னேரங்களில் கடையில் அந்தக் கதைகளே. கடைக்காரர்தான் தூண்டுவார்.

"அமெரிக்கன், கையாலை கொண்டு ஓடுறதுக்கு என்னெண்டு புட்போல் எண்டு பேர் வைச்சவங்கள்?"

"இடைக்கிடை காலாலையும் அடிக்கிறவங்கள்."

"அப்ப இடைக்கிடை புட்போல் எண்டு சொல்லுங்கோவன்!"

கடை சிரிக்கும். அவரும் சிரிப்பார், பிறகு பொறுமையாகத் தொடங்குவார். ஆதியில் இறுதியாட்டம் என்று ஒன்றே இல்லை. ஆட்டச் சங்கங்களின் தலைவர்கள் கூட்டம் கூடி, இந்த ஆண்டின் வாகையர் இவர்தான் என்று தீர்மானிப்பார்கள். 1932இல் இரண்டு சங்கங்கள் சமநிலையில் நின்றன. மேலும் ஓர் ஆட்டம் ஆடித் தீர்ப்பது என்று முடிவாயிற்று. சிக்காகோவில் கடும் பனி. ஆகவே கூரை போட்ட அரங்கொன்றுக்குள் ஆடினார்கள். சற்று முன்னர் அங்கே சர்க்கஸ் நடந்திருந்தது. அதற்காகக் கொட்டிய மண்ணின் மேல் ஆட்டம்.

"ஆனை லத்திக்கு மேலையோ?" என்றார் கடைக்காரர்.

"மணம் இருந்ததெண்டு புத்தகம் சொல்லுது. ஆனை எண்டு நான் சொல்ல மாட்டன்." பிறகு முகம் இறுகும். "ஆனால் ஐயா, நூறு யார் இருக்க வேண்டிய நிலம். இடம் காணாமல் எண்பது யார்தான் போட்டவங்கள். அதை நினைச்சால் எனக்கு நித்திரை வராது."

தோற்ற சங்கத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் அன்று வரவேயில்லை. அவருக்கு ஒரு கல்லூரியில் பயிற்சியாளர் வேலை. அந்த வேலையிலிருந்து அவரை விடவில்லை. இதைச் சொன்னபோது கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. முதலாளி லீவு தராததால் தாயின் செத்தவீட்டுக்கே போகாதவர்கள் அங்கே இருந்தார்கள்.

"அப்ப அதுதான் முதல் பைனல்" என்று யாரோ முடித்து வைத்தார்.

"இல்லை. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். அது பைனல் இல்லை. புள்ளிக் கணக்கிலை சேர்த்த ஒரு மேலதிக ஆட்டம். பைனல் அடுத்த வருசம்தான் துவங்கினது. ரெண்டையும் ஒண்டாச் சொல்லக்கூடாது."

1934இன் ஆட்டத்தைச் சொல்வதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி. நியூயோர்க்கில் மைதானம் முழுவதும் உறைபனி. ஆணி வைத்த சப்பாத்துகள் வழுக்கின. உள்ளூர்ச் சங்கத்தார் ஒரு கல்லூரிக்கு ஆளனுப்பி, கூடைப்பந்துக்காரர்களின் ரப்பர்ச் சப்பாத்துகளை எடுப்பித்து, இடைவேளைக்குப் பின் அவற்றை மாட்டிக்கொண்டு வென்றார்கள். எத்தனை சோடி வந்தது என்று கடைக்காரர் கேட்டார். "புத்தகம் ஒரு இடத்திலை ஒண்டு சொல்லுது, இன்னொரு இடத்திலை வேறை சொல்லுது. அதாலை நான் எண்ணிக்கை சொல்ல மாட்டன்." ஒரு நல்ல கதையை இவ்வாறு கெடுத்துக்கொள்ளும் மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவர் குரலைத் தாழ்த்திச் சொல்லும் ஆட்டம் ஒன்றுண்டு. பின்னாளில் சூப்பர் பௌல் என்று பெயர் பெற்ற ஆட்டத்தின் முதலாவது, 1967இல் நடந்தது. (முதலாவதற்கு அந்தப் பெயர் அதிகாரபூர்வமாக இல்லை என்பதையும் அவர் சொல்லாமல் விடமாட்டார்.) போட்டியாக நின்ற இரண்டு அமைப்புகளும் தத்தம் வாகையரை மோதவிட்டன. ஒவ்வோர் அணியும் தன் தாக்குதலின்போது தன் அமைப்பின் பந்தையே பயன்படுத்தியது. அரங்கில் ஆளில்லாத இருக்கைகள் பல. இரண்டாம் பாதிக்குப் பந்தை உதைத்துத் தொடங்கியபோது ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தில் இருந்தது. ஆகவே அந்த உதை செல்லாது என்று மறுபடி உதைக்கச் செய்தார்கள். பிறகு அந்த ஆட்டத்தின் ஒளிப்பதிவு நாடாக்களை, மேலே வேறு எதையோ பதிவதற்காக அழித்தும்விட்டார்கள்.

"பதிஞ்சு வைச்சதை அழிச்சுப்போட்டாங்கள் ஐயா. இனிப் பாத்தவன்ரை வாய்தான். அவன் பிழையாச் சொன்னால் அவ்வளவுதான்."

இத்தகையவருடைய கேஸை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. லா சப்பலில், அகதி அந்தஸ்து கேட்டு அலுவலகத்துக்குக் கொடுக்கும் வாழ்க்கை வரலாற்றைக் கேஸ் என்றே சொல்வார்கள். அவருடைய மனைவியும் பதின்மூன்று வயது மகளும் வவுனியாவில் அகதி முகாமின் முட்கம்பிக்குள் இருந்தார்கள். இவருக்கு வதிவிட உரிமை தரும் கார்ட் கிடைத்தால் அவர்களை அழைக்கலாம், கிடைக்காவிட்டால் இல்லை.

நான்கு பின்னேரங்கள் அவர் சொல்ல நான் எழுதினேன். அலுவலகத்தாரின் மனம் இளகும்படி சில இடங்களை அழகுபடுத்தலாம் என்று நினைத்தேன். அவர் விடவில்லை.

"வந்த ஆமிக்காரங்க எத்தன பேருன்னு போடலாம் தம்பி?"

"தெரியாது ஐயா."

"ஒரு இருபது பேருன்னு போட்டா பலமா இருக்கும்."

"நான் எண்ணேல்லை. தெரியாது எண்டு எழுதுங்கோ. தெரியாது எண்டதும் ஒரு அளவுதானே."

மூன்றாம் நாள், தாமும் தம் தம்பியும் முல்லைத்தீவுக் கடற்கரையில் இருந்ததைப் பற்றிச் சொல்லி வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தி, மேசையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டு, "அங்கை வைச்சுத் தம்பி மோசம் போயிட்டான்" என்றார்.

என் பேனா நின்றது. புதுச்சேரியில் ஒருவன் மோசம் போனான் என்றால், யாரோ அவனை ஏமாற்றிவிட்டார்கள் என்று பொருள். இங்கே அது பொருந்துகிறதா என்று எனக்கு ஐயம் தோன்றத்தான் செய்தது. "அப்படின்னா என்ன தம்பி?" என்று ஒரு கேள்வி போதும். நான் கேட்கவில்லை. காரணம் இதுதான்: அதற்கு முந்தைய வாரம், கடையில் ஒரு பெண்மணியிடம் "கெதியா" என்றால் என்ன என்று கேட்டேன். விரைவாக என்று பொருள் சொன்னவர், "ஐயாவுக்குப் பிரெஞ்சுதான் தெரியும், தமிழ் தெரியாது போலை" என்றும் சொன்னார். கடை முழுவதும் சிரித்தது. அதில் கள்ளமில்லை. ஆயினும் இனி இந்த மேசையில் சொல்லுக்குப் பொருள் கேட்பதில்லை என்று அன்றே தீர்மானித்திருந்தேன்.

ஆகவே நான் பிரெஞ்சில் எழுதினேன்: "அவ்விடத்தில் என் தம்பி, தான் நம்பியவர்களால் ஏமாற்றப்பட்டான்." தான் நம்பியவர்களால் என்பது அவர் சொல்லாதது. வாக்கியம் நிறைவாக இருக்கட்டும் என்று நானே சேர்த்தது.

எல்லாம் முடிந்ததும், ஒருமுறை தமிழில் வாசித்துக் காட்டும்படி கேட்டார். பிரெஞ்சைப் பார்த்துக்கொண்டு, நினைவில் இருந்த அவருடைய சொற்களைக் கொண்டே வாசித்தேன். அந்த வரி வந்தபோதும், "அங்க வச்சு தம்பி மோசம் போயிட்டான்" என்றேன். அவர் தலையசைத்தார். தாம் சொன்ன சொல்லே திரும்பி வரும்போது அவர் எதைத் திருத்த முடியும்? கையெழுத்திட்டார்.

அலுவலகத்தில் நேர்காணல் நடந்தது. அங்கே மொழிபெயர்த்தவர் யாழ்ப்பாணத்துப் பெண். சில மாதங்கள் கழித்துப் பதிவுத் தபாலில் வந்த உறையைப் பிரிக்காமலே அவர் என்னிடம் கொண்டுவந்தார். நிராகரித்திருந்தார்கள். காரணம் தெளிவாக எழுதப்பட்டிருந்தது: விண்ணப்பதாரர் தம் எழுத்து வாக்குமூலத்தில் தம்பி ஏமாற்றப்பட்டதாகக் கூறுகிறார், நேர்காணலில் தம்பி எறிகணையில் இறந்ததாகவும் தாமே புதைத்ததாகவும் கூறுகிறார், இத்தகைய முக்கிய நிகழ்ச்சியில் முரண்படுகிறவரின் ஏனைய கூற்றுகளையும் நம்புவதற்கில்லை.

இரண்டு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது. ஈழத்தவர் இறந்துபோனதை வாய்விட்டுச் சொல்ல மனமில்லாத இடத்தில் அப்படிச் சொல்வார்கள்.

"என்ன ஐயா, றிஜெக்ட்டோ?"

"ஆமா தம்பி."

"ஏனாம்?"

கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். கடைக்காரர் தேநீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

"நீங்க அங்க மாத்திச் சொல்லிட்டீங்க போல. எழுத்துல ஒண்ணு, வாயில ஒண்ணு."

தெரியாமல் செய்த பிழை ஏற்கெனவே முடிந்திருந்தது. இது தெரிந்து சொன்னது.

அவர் முகத்தில் கோபம் வரவில்லை, குழப்பம் வந்தது. "நான் மாத்திச் சொன்னனானோ? தம்பியைப் பற்றியோ? எழுத்திலை என்ன கிடக்கு?"

"நீங்க சொன்னதுதான் கெடக்கு. வாசிச்சுக் காட்டுனேனே."

"ஓம். வாசிச்சனீங்கள்." "அப்ப அங்கைதான் நான் பிழை விட்டிருப்பன். அந்தப் பிள்ளைக்கு முன்னாலை எனக்கு வாய் நடுங்கினது. என்ன சொன்னனான் எண்டு வடிவா ஞாபகமில்லை." பிறகு, "திரும்ப ஒருக்கா உதைக்க விடுவினமோ ஐயா?" என்றார்.

மேன்முறையீட்டுக்கு வழி இருந்தது. அதையும் நானே எழுதினேன். துயரத்தின் மிகுதியால் நேர்காணலில் தவறாகக் கூறிவிட்டேன் என்றும், எழுத்தில் உள்ளதே உண்மை என்றும் அவர் சொல்வதாக எழுதினேன். வக்கீலுக்குத் தமிழ் தெரியாது. என் பிரெஞ்சையே நம்பினார். விசாரணையில் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டவரிடம், எழுத்தில் உள்ளதையே சொல்லுங்கள் என்றேன். அவர் அப்படியே செய்தார். நீதிபதிகளின் முன் நின்று, "தம்பி மோசம் போயிட்டான்" என்றார். அங்கிருந்த மொழிபெயர்ப்பாளர் அதைச் சரியாக, இறந்துவிட்டான் என்று மொழிபெயர்த்தார். எழுத்தும் வாயும் மறுபடி முரண்பட்டன. மேன்முறையீடும் தள்ளுபடியாயிற்று.

அதன் பின்னர் அவர் கதை சொல்வதில்லை. கடைக்காரர் ஒருநாள், அவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் எண்ணத்தில், "அமெரிக்கன், அந்தச் சப்பாத்து மாத்தினவங்கள் சிக்காகோக்காரரோ நியூயோர்க்காரரோ? இவர் நம்பிறார் இல்லை" என்று இன்னொருவரைக் காட்டிக் கேட்டார்.

"எனக்குத் தெரியேல்லை தம்பி. நான் மாத்திச் சொல்லக்கூடும்" என்றார் அவர்.

யாரும் சிரிக்கவில்லை. நான் தேநீரைக் குடித்தேன். கூசேன்வில் என்ற புறநகரில் யாருடனோ அறையைப் பகிர்ந்துகொண்டு, கார்ட் இல்லாதவருக்குக் கிடைக்கும் வேலைகளைச் செய்துகொண்டு, அவர் கடைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

2014இல் ஒரு பின்னேரம் வந்தார். மழைநாள், கடையில் கூட்டமில்லை. கடைக்காரர் வெளியே பெட்டிகளை உள்ளெடுத்துக்கொண்டிருந்தார். அவர் என் முன்னால் அமர்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஐயா, என்ரை கேஸ் எழுதின கடதாசி உங்களிட்டை இருந்தால் ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ."

"எதுக்கு தம்பி இப்ப?"

"தம்பியை நான்தான் தாட்டனான் எண்டு ஞாபகம். மண் ஈரமாக் கிடந்தது. என்ரை சாரத்தைக் கிழிச்சுத்தான் முகத்தை மூடினனான். ஆனால் ரெண்டு இடத்திலையும் நான் மாத்திச் சொன்னதாக் கடதாசி வந்திட்டுது. படிச்ச ஆக்கள் பொய் எழுதாயினம்தானே. அதுதான், அவன் உண்மையா என்ரை கையிலைதானோ போனவன் எண்டு சில நேரம் எனக்கே சந்தேகமாக் கிடக்கு. எழுத்திலை உள்ளதைக் கேட்டால் தெளியும்."

ஐயா, அம்மா, நான் அவரிடமிருந்து கார்டைத்தான் பறித்தேன் என்று நான்காண்டுகளாக எண்ணியிருந்தேன். அவர் தம் கையால் தோண்டிய குழியையும் பறித்திருந்தேன்.

சொன்னேன். சொல்லின் பொருள் தெரியாததையும், கேட்க வெட்கப்பட்டதையும், நானாகச் சேர்த்த வார்த்தைகளையும், கடிதம் வந்த அன்று தெரிந்துகொண்டும் பழியை அவர்மேல் போட்டதையும் சொன்னேன். முடித்ததும், கடைசிப் பகுதியை இன்னொருமுறை சொல்லும்படி கேட்டார். சொன்னேன்.

"அப்ப நான் மாத்திச் சொல்லேல்லை."

"இல்ல தம்பி."

"ஒருக்காலும்?"

"ஒருக்காலும் இல்ல."

மேசையின் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து, என் அறியாமையால் நேர்ந்த இந்தப் பெரும் பிழையை மன்னிக்க வேண்டும் என்று, எனக்குத் தெரிந்த உயர்ந்த சொற்களையெல்லாம் கோத்துப் பேசத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஐயா, ரெண்டு விசயம் இருக்கு. சொல்லு விளங்காமல் எழுதினது பிழை. அது ஆருக்கும் வரும். விளங்கினாப் பிறகு என்னைப் பாத்து, மாத்திச் சொன்னீங்கள் எண்டது பிழை இல்லை. அதுக்கு வேறை பேர். ரெண்டையும் ஒண்டாக் கட்டாதேங்கோ."

பிறகு, இதைப் பிரெஞ்சில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர முடியுமா என்று கேட்டார். புதிய சான்று இருந்தால் கேஸை மறுபடி பார்ப்பார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார்.

ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். "வட்டார வழக்கு வேறுபாட்டினால் ஒரு புரிதற்குறை உண்டாயிற்று" என்று தொடங்கி இரண்டு பக்கம். என் வாழ்நாளில் எழுதிய மிகச் சிறந்த பிரெஞ்சு அது. அவர் அதைத் தமக்குத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, சொல்லுக்குச் சொல் தமிழில் கேட்டுவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்.

"வடிவான எழுத்தாம். ஆனால் ஆர் செய்தது எண்டு இதிலை இல்லையே ஐயா. தானா உண்டானது மாதிரிக் கிடக்கு."

அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டு, அவர் முன்னாலேயே ஆறு வரிகள் எழுதினேன். ஒவ்வொரு வரியும் "நான்" என்று தொடங்கியது. நான் தவறாக மொழிபெயர்த்தேன். நான் பொருள் கேட்கவில்லை. நான் என் தவற்றை அறிந்தேன். நான் அதை மறைத்தேன். இவ்வாறு. கீழே பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்திட்டேன். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்றார்.

அந்தக் கடிதத்தை ஏற்றார்கள். கேஸ் மறுபடி திறந்தது. மீண்டும் விசாரித்தார்கள், அவர் முன்பு சொன்னதையே சொன்னார். 2016இல் கார்ட் கிடைத்தது. மனைவியை அழைக்க அனுமதித்தார்கள். மகளை அனுமதிக்கவில்லை. பிள்ளைகளை அழைப்பதற்கு வயதெல்லை உண்டு. முதல் கேஸ் எழுதிய அன்று பதின்மூன்று வயதாயிருந்த பெண் அதைக் கடந்துவிட்டிருந்தாள். அவள் வவுனியாவில் சிறியதாயின் வீட்டில் தங்கிவிட்டாள்.

அவருடைய மனைவி வந்து சில வாரங்களுக்குப் பின், ஒரு சனிக்கிழமை காலை, இருவரையும் லா சப்பலில் எதிர்ப்பட்டேன். கையில் மரக்கறிப் பை. ஒதுங்கிச் செல்ல இடமில்லை. அவர் நின்றார்.

"இவர்தான் ஐயா. என்ரை கேஸ் எழுதினவர்" என்று மனைவியிடம் சொன்னார். அதில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்த அம்மையார் பையைக் கீழே வைத்துவிட்டு இரு கைகளையும் குவித்தார். நெற்றியில் பெரிய பொட்டு, கண் நிறைந்திருந்தது. "இவர் ரெலிபோனிலை எப்பவும் சொல்லுறவர், ஒரு ஐயா எழுதித் தாறார் எண்டு. நீங்கள் இல்லையெண்டால் நான் இஞ்சை வந்திருக்க மாட்டன் ஐயா. மகளும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னவள்."

நான் அவரைப் பார்த்தேன். இரண்டு நிமிடத்துக்காகக் கதவைத் திறந்து திரும்பி வந்தவர். ஒரு முற்றல் முருங்கைக்காய்க்காக மறுநாள் வந்தவர். இதைத் திருத்தாமல் விடமாட்டார் என்று எண்ணினேன். திருத்தட்டும் என்று விரும்பவும் செய்தேன். அவர் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு குனிந்து மனைவியின் பையைத் தம் கையில் எடுத்துக்கொண்டு, "வாரும், நேரம் போகுது" என்றார்.

அவர் பேசாமல் விட்டார். நானும் பேசவில்லை. "சந்தோஷம்மா" என்று அந்த நன்றியை வாங்கிக்கொண்டு நின்றேன். அவர்கள் மெட்ரோ பாலத்தின் கீழே கூட்டத்தில் மறைந்தார்கள்.

தேநீர்க் கடையில் இன்றும் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். என் ஆறு வரிகள் அலுவலகத்தின் கோப்பு ஒன்றில் இருக்கின்றன. லா சப்பலில் அவற்றை எவரும் படித்ததில்லை. ஆகவே அந்த அம்மையாருக்கும், வவுனியாவில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கும் தெரியும்படி இங்கே தமிழில் எழுதுகிறேன்: நான் இல்லையென்றால் அவர்கள் இருவரும் சில ஆண்டுகள் முன்னதாகவே, ஒன்றாக, வந்திருக்கக்கூடும்.

எனக்கு வயது எழுபத்தெட்டு. இதை வைத்திருக்க வேறு இடம் எனக்கில்லை. தாங்கள் இதைத் தங்களிடம் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.